65 டெசிபல் கோட்டுக்கு வெளிய: விட்பி தீவும் க்ரௌலர் ஜெட்டும்

சியாட்டிலுக்கு வடக்க விட்பின்னு ஒரு நீளமான தீவு. வடக்குப் பக்கம் ஓக் ஹார்பர், அமெரிக்க நேவியோட பெரிய விமானத்தளம் இருக்கற ஊரு, ஊரோட பொழப்பே அந்தத் தளத்தச் சுத்தித்தான். கொஞ்சம் தெற்க வந்தா கூப்வில். ரெண்டாயிரம் பேர் கூட இல்லாத பழைய துறைமுக ஊரு, பென் கோவ்ங்கற சின்ன விரிகுடாவுல வளர்க்கற மஸல்ஸ் சிப்பிக்கு பேர் போனது. சுத்தி 17,000 ஏக்கருக்கு மேல வயலும் கடற்கரையும் பழைய பண்ணை வீடுகளுமா ஈபீஸ் லேண்டிங்னு ஒரு காப்புப் பகுதி, 1978ல உருவாக்கினது, தேசிய வரலாற்றுக் காப்புப் பகுதின்னு அமெரிக்காவுல முதல்ல அறிவிச்சதே இதத்தான். அந்த எல்லைக்குள்ளேயே நேவியோட ஒரு சின்ன ரன்வே இருக்கு, 1943ல இருந்து இருக்கு, ஜெட் சத்தத்துக்காக ஊர்க்காரங்களுக்கும் நேவிக்கும் நடக்கற சண்டை பூரா அந்த ரன்வேயாலதான்.

அந்த ரன்வேயில விமானம் நிக்காது. சக்கரம் தரையத் தொடும், தொட்ட உடனே முழு வேகத்துல மேல கிளம்பிடும், ஒரு வட்டம் அடிச்சு திரும்ப வரும். கடல்ல ஆடிட்டு இருக்கற விமானந்தாங்கிக் கப்பல் மேல ராத்திரியில இறங்கறதுக்கு பைலட்டுங்க தரையில எடுக்கற பயிற்சி இது. கப்பல்ல இறங்கும்போது கம்பியில கொக்கி மாட்டாம போனா அடுத்த நொடி திரும்ப மேல போகணும், அதனால சக்கரம் தொட்டதும் எஞ்சின முழுசா முடுக்கறது கட்டாயம், மெதுவா சத்தம் கொறச்சு இறங்குங்கன்னு கேக்கவே முடியாது. இதெல்லாம் தேவையில்லாத பயிற்சின்னு சொல்றவங்க யாரும் இல்ல, கூப்வில்காரங்களே சொல்றதில்ல. ஏன் இங்க, இவ்வளவு, இதுதான் அவங்க கேள்வி.

ஏன் இங்கன்னு கேட்டா நேவி சொல்ற காரணத்த கவனிக்கணும். ரன்வே கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 200 அடி உயர மேட்டுல இருக்கு, சுத்தி வெளிச்சம் கம்மி, ராத்திரி இருட்டு கடல் மாதிரியே இருக்கும், கப்பல்ல இறங்கற அனுபவம் அப்படியே கெடைக்கும். அதாவது ஜனங்க அங்க போய் வீடு கட்டினதுக்கு என்ன காரணமோ கிட்டத்தட்ட அதேதான் நேவி அங்க பறக்கறதுக்கும் காரணம். இன்னொரு சங்கடமும் இருக்கு, அந்த ஊரு 48 டிகிரி வடக்க இருக்கறதால ஜூன் ஜூலையில இருட்டறதுக்கே ராத்திரி பத்து மணி கிட்ட ஆயிடும், இருட்டு வேணும்ங்கற பயிற்சி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும், நடுராத்திரியத் தாண்டியும் போகும். வெயில்காலம், ஜன்னல் தொறந்திருக்கும், குழந்தைங்க தூங்கற நேரம்.

முன்னாடி அங்க பறந்தது ப்ரௌலர்ங்கற பழைய விமானம். அதுக்கு பதிலா வந்தது க்ரௌலர், எதிரியோட ரேடாரக் குழப்பற மின்னணுப் போர் ஜெட், போயிங் தயாரிப்பு. ஜப்பான்ல நிறுத்தி இருக்கறதத் தவிர நேவியோட க்ரௌலர் படை மொத்தத்துக்கும் வீடு விட்பி தீவுதான். அங்க வாழறவங்க சொல்றது, புதுசுல ஒரு அடிவயித்து உறுமல் இருக்கு, ஜன்னல் கண்ணாடி அதிருது, நெஞ்சுல தெரியுதுன்னு. விமானச் சத்தத்த அளக்கறதுக்கு வழக்கமா பயன்படுத்தற ஏ-வெய்ட்டிங்ங்கற முறை தாழ்ந்த அதிர்வெண்கள நல்லா கழிச்சுட்டுத்தான் எண்ண கொடுக்கும், மனுஷக் காது அதுக்கு மந்தம்ங்கற கணக்குல. காதுக்கு மந்தம்தான், ஜன்னலுக்கு மந்தம் இல்லையே.

2013ல ஊர்க்காரங்க அமைப்பு ஒண்ணு, ஈபீஸ் காப்புப் பகுதிக் குடிமக்கள்ங்கற பேர்ல, கோர்ட்டுக்குப் போச்சு. நேவி அந்த வருஷம் மீதி மாசங்களுக்கு கூப்வில் பயிற்சிய நிறுத்தி வச்சுட்டு முழு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயார் பண்றோம்னு ஒத்துக்கிச்சு. சரி நல்ல முடிவு வரப்போகுதுன்னு ஊரு நினைச்சிருக்கும். ஆனா அறிக்கை வளர வளர திட்டமும் வளர்ந்துச்சு. 2019 மார்ச்ல வந்த இறுதி முடிவுல இன்னும் 36 க்ரௌலர் சேத்து மொத்தம் 118, கூப்வில் ரன்வேயில வருஷத்துக்கு சுமார் 6,000 இயக்கங்களா இருந்தது சுமார் 24,000. இயக்கம்னா ஒரு இறக்கமோ ஒரு ஏத்தமோ, ஒரு தடவ தொட்டு எழும்பினா ரெண்டு கணக்கு, அப்போ 12,000 தடவ தலைக்கு மேல வரும்னு வச்சுக்கோங்க.

நேவி பக்க வாதத்தையும் சொல்லிடணும், இல்லன்னா இது ஆய்வு இல்ல, புகார் கடிதம். 1990 வாக்குல அதே ரன்வேயில வருஷத்துக்கு 30,000க்கும் மேல இயக்கம் நடந்திருக்கு, அப்புறம்தான் கொறஞ்சுது. ரன்வே அங்க எண்பது வருஷமா இருக்கு. அந்தக் கவுன்ட்டியில வீடு விக்கறப்போ இந்த இடத்துல விமானச் சத்தம் வரும்னு எழுதிக் காட்டி கையெழுத்து வாங்கணும்னு விதி இருக்கு. தெரிஞ்சுதானே வாங்கினீங்கன்னு ஓக் ஹார்பர் பக்கம் கேக்கறவங்க நிறைய. அவங்க கார்ல ஐ லவ் ஜெட் நாய்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி இருக்கும், சுதந்திரத்தோட சத்தம் இதுன்னு போர்டு வச்சிருப்பாங்க. இவங்களக் கிண்டல் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. தளத்துல வேலை பாக்கற குடும்பத்துக்கு அந்தச் சத்தம் சம்பளம், பைலட்டோட மனைவிக்கு அது புருஷன் பயிற்சி எடுக்கறான்ங்கற தைரியம். ஒலி ஆராய்ச்சியிலயும் இது தெரிஞ்ச விஷயம்தான், எரிச்சலோட ஒரு பங்கத்தான் டெசிபல் விளக்கும், மீதி எல்லாம் அந்தச் சத்தத்தப் போடறவன் மேல நம்பிக்கை இருக்கா, எப்ப வரும்னு தெரியுமா, சொன்னா கேப்பானா, இந்த மாதிரி சமாச்சாரம். ஆனா 6,000 இருந்தப்போ கையெழுத்து போட்டவன் 24,000க்கும் சேத்து போட்டான்னு சொல்றது கொஞ்சம் ஓவர்.

இப்போ எண்ணுக்கு வருவோம், இந்த கேஸோட முடிச்சு இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். அமெரிக்காவுல விமானச் சத்தத்துக்கு அரசாங்க அளவுகோல் டிஎன்எல், பகல்-இரவு சராசரி. 24 மணி நேர ஒலி ஆற்றலக் கூட்டி சராசரி எடுப்பாங்க, ராத்திரி பத்துல இருந்து காலை ஏழு வரைக்கும் வர்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் 10 டெசிபல் அபராதம் சேப்பாங்க, அப்புறம் அத வருஷம் முழுக்க சராசரி ஆக்குவாங்க. மேப்ல 65 டெசிபல் கோடு ஒண்ணு போடுவாங்க. கோட்டுக்கு உள்ள இருந்தா பாதிப்பு, வெளிய இருந்தா குடியிருக்க ஏத்த இடம். சிவில் ஏர்போர்ட்டுக்கும் இதே கோடு, ராணுவத்துக்கும் இதே கோடு.

தினமும் ஒரே மாதிரி ஐநூறு விமானம் வர்ற ஏர்போர்ட்டுக்கு இந்த வருஷ சராசரி ஓரளவு பொருந்தும். கூப்வில் அப்படி இல்ல. சில நாள் சாயங்காலத்துல இருந்து நடுராத்திரி வரைக்கும் சில நிமிஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் பல நாள் ஒண்ணுமே இல்ல. நம்ம தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்தறாங்க, மூணு நாள் கூம்பு ஸ்பீக்கர் காதக் கிழிக்குது, மீதி 362 நாள் அமைதி. அத வருஷ சராசரியா போட்டா அந்த மூணு நாள் அளவுல இருந்து கிட்டத்தட்ட 21 டெசிபல் கழிஞ்சு போயிடும், பேப்பர்ல பாத்தா ஏதோ லைப்ரரி பக்கத்துல குடியிருக்கற மாதிரி இருக்கும். கணக்கு தப்பில்ல. அந்த மூணு நாள் தூங்கினியான்னு அந்தக் கணக்கு கேக்கவே இல்ல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, டெசிபல் மடக்கை அளவு, ஆற்றல் பத்து மடங்கு ஆனாலும் எண்ணு 10தான் ஏறும். அதே விமானம் அதே உயரத்துல நாலு மடங்கு அதிகமா பறந்தா டிஎன்எல் எவ்வளவு ஏறும்? வெறும் 6 டெசிபல். அறிக்கையில 6 டெசிபல் ஏத்தம்னு படிக்கறவனுக்கு அது சின்ன எண்ணா தெரியும், ஆனா பேச்சு நின்னு போறது, டீச்சர் பாடத்த நிறுத்திட்டு ஜெட் போகட்டும்னு காத்திருக்கறது, தூக்கத்துல இருந்து முழிச்சுக்கறது, இதெல்லாம் மடக்கையில ஏறாது, எத்தன தடவ வந்துச்சோ அத்தன தடவதான்.

அமைதியான இடம்ங்கறதால என்ன வித்தியாசம் வருதுன்னும் ரொம்ப நாளா தெரியும். அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 1974ல வெளியிட்ட ஒலி அளவு ஆவணத்துலயே நகரத்துல இருந்தும் தொழிற்சாலையில இருந்தும் தள்ளி இருக்கற அமைதியான ஊர்களுக்கு, ஜனங்களோட எதிர்ப்பக் கணிக்கறப்போ, 10 டெசிபல் கூட்டிப் பாருங்கன்னு இருக்கு. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவோட சுற்றுப்புற ஒலித் தரக்குறிப்பும் கிராமத்து அமைதிய எதிர்பாக்கறவங்களுக்கு 10 டெசிபல் வரைக்கும் வித்தியாசம் வரலாம்னு சொல்லுது. அப்போ கூப்வில்ல 55ங்கறது நகரத்துல 65க்கு சமம். அம்பது வருஷமா காகிதத்துல இருக்கற விஷயம், 65 கோட்டுல மட்டும் ஏறவே இல்ல.

65ங்கற எண்ணே ஆடிப்போன ஒண்ணு. 1978ல ஷுல்ட்ஸ்ங்கற ஒலி ஆராய்ச்சியாளர் அப்ப இருந்த சர்வேக்கள எல்லாம் சேத்து எவ்வளவு சத்தத்துக்கு எத்தன பேர் எரிச்சலடைவாங்கன்னு ஒரு வளைகோடு போட்டார், பின்னாடி கொஞ்சம் திருத்தினாங்க, அதுப்படி 65 டிஎன்எல்ல நூத்துக்கு 12 பேர் மாதிரிதான் கடுமையா எரிச்சலடைவாங்க. 2021ல அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 20 ஏர்போர்ட் சுத்தி 10,000க்கும் மேல ஆளுங்கள விசாரிச்ச சர்வேய வெளியிட்டுச்சு, அதே 65ல இப்ப நூத்துக்கு 60க்கும் மேல. அதுவும் நகர ஏர்போர்ட்டுங்க, தினமும் சத்தம் கேட்டுப் பழகினவங்க. உலக சுகாதார நிறுவனம் 2018ல விமானச் சத்தத்துக்கு சிபாரிசு பண்ணின வரம்பு பகல்-மாலை-இரவு சராசரியா 45, ராத்திரிக்கு மட்டும் 40. 65க்கும் 45க்கும் நடுவுல ஆற்றல் கணக்குல நூறு மடங்கு.

நேவி தன்னோட அறிக்கையில தீவுல மைக் வச்சு அளக்கல, கம்ப்யூட்டர் மாடல் வச்சே போட்டுச்சு. ஊர்க்காரங்க இத விடவே இல்ல, அளந்து காட்டு, அளந்து காட்டுன்னு. காப்புப் பகுதிக்காக தேசியப் பூங்கா சேவை 2015ல வச்ச மைக்ல 100 டெசிபலத் தாண்டின சத்தம் பதிவாச்சு. கடைசியில அமெரிக்க காங்கிரஸே தலையிட்டு, உண்மையா அளந்து மாடலோட ஒப்பிட்டுக் காட்டணும்னு பாதுகாப்புச் செலவுச் சட்டத்துல சேத்துச்சு. நேவி ஒரு வருஷத்துல நாலு வாரம், வெவ்வேற பருவத்துல, மைக் வச்சு அளந்துச்சு. 2021 கடைசியில முடிவு சொன்னாங்க: மாடல் சரியாத்தான் இருக்கு, பல இடத்துல மாடல் உண்மைய விட கொஞ்சம் அதிகமாவே சொல்லி இருக்கு.

இங்கதான் சுவாரஸ்யம். நேவி அளந்த அதே தரவ எடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜியோர்டானோ ஜக்குஸியும் கூட இருந்தவங்களும் வேற கேள்வி கேட்டாங்க. இந்த அளவுல சத்தம் கேட்டா மனுஷ உடம்புக்கு என்ன ஆகும், எத்தன பேருக்கு ஆகும். 2024ல வந்த அவங்க ஆய்வுப்படி எரிச்சல உண்டாக்கற அளவு சத்தத்துல வாழறவங்க 74,000க்கும் மேல, அதுல 41,000 பேருக்கு தூக்கம் கெடற அளவு ராத்திரிச் சத்தம், ரன்வேக்களுக்கு கிட்ட இருக்கற சுமார் 8,000 பேருக்கு நாளடைவுல காது கேக்கறதே பாதிக்கலாம். ஸ்வினமிஷ் பூர்வகுடிகளோட ஒதுக்கிட நிலத்துல நூத்துக்கு 85 பேர் பாதிப்பு வட்டத்துக்குள்ள. ஒரே மைக், ஒரே ரெக்கார்டிங். ஒரு பக்கம் எங்க மாடல் சரி, இன்னொரு பக்கம் 74,000 பேர். ரெண்டும் பொய் இல்ல, ஏன்னா ரெண்டு பேரும் ஒரே கேள்விக்கு பதில் சொல்லல. சத்தம் நாங்க சொன்ன அளவுதான்னு நேவி நிரூபிச்சுது, அந்த அளவு தாங்கற அளவான்னு யாரும் அதுகிட்ட நிரூபிக்கச் சொல்லல.

தீவோட இது முடியல. க்ரௌலருங்க மின்னணுப் பயிற்சிக்கு மேற்க ஒலிம்பிக் தீபகற்பத்து மேல போகும். அங்க ஹோ மழைக்காடு இருக்கு, ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள்ள, 1981ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்த இடம், மனுஷச் சத்தம் இல்லாத இடங்கள்னு அமெரிக்காவுல தேடினா முதல் வரிசையில வர்றது. ஒலிப்பதிவாளர் கார்டன் ஹெம்ப்டன் 2005ல அங்க ஒரு மரக்கட்டை மேல சின்ன சிவப்புக் கல்லு வச்சு இந்த ஒரு சதுர அங்குலத்த அமைதியா காப்பாத்துவோம்னு ஆரம்பிச்சார். லாரன் குஹ்னியும் ஜூலியன் ஓல்டனும் 2017-18ல தீபகற்பத்துல மூணு இடத்துல ஒலிப்பதிவு பண்ணிப் பாத்து 2020ல வெளியிட்டாங்க, காதுல விழற விமானப் போக்குவரத்துல 88 சதவீதம் ராணுவ விமானம். அங்க 65 கோடு எங்கேயும் கிட்டக்கூட வராது, சராசரி ரொம்ப கம்மி. ஆனா காட்டோட பின்னணிச் சத்தமே அவ்வளவு கம்மிங்கறதால பல மைல் தள்ளிப் போற ஜெட்டும் தெளிவா கேக்கும். நகரத்துல டிராஃபிக்ல அமுங்கிப் போற சத்தம் அங்க அமுங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

கோர்ட்ல என்ன ஆச்சு? 2018 கடைசியில வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி நடந்துட்டு இருந்த பேச்சுவார்த்தைய நேவி முறிச்சுக்கிச்சு, காப்புப் பகுதிக்கு பாதிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டும் அத எப்படி ஈடு கட்டறதுங்கறதுல உடன்பாடு வரல. மேல சொன்னேனே நம்பிக்கைன்னு, அது மிச்சம் மீதி இருந்ததும் அங்க போயிருக்கும். 2019 ஜூலையில வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் வழக்கு போட்டார், ஊர்க்காரங்க அமைப்பும் தனியா போட்டுச்சு. 2021 டிசம்பர்ல மாஜிஸ்ட்ரேட் நீதிபதி கிரியேச்சுரா எழுதினது ரொம்ப காட்டம், கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் பக்க ஆவணம் இருந்தும் தன்னோட நோக்கத்துக்கு ஒத்து வர்ற மாதிரியான முறைகளத்தான் நேவி தேர்ந்தெடுத்துச்சு, ஒத்து வராத தரவுகளப் பாக்காம கண்ண மூடிக்கிச்சுங்கற அர்த்தத்துல. 2022 ஆகஸ்ட்ல நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸ் அத ஏத்துக்கிட்டார்.

ஆனா நேவி எதுல தோத்துச்சுன்னு பாருங்க. எரிபொருள் புகைக் கணக்க எப்படிப் போட்டாங்கன்னு காட்டல, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிப்பு எவ்வளவு பாதிக்கும்னு எண்ணா சொல்லல, பறவைகள இனம் இனமா பாக்கல, கலிஃபோர்னியாவுல எல் சென்ட்ரோவுக்கு விமானங்கள மாத்தற யோசனைய சரியா பரிசீலிக்கல. இந்த நாலுதான் பெரிய ஓட்டைங்க. ஊர்க்காரன் பத்து வருஷமா கத்தின விஷயம், வருஷ சராசரி எங்க ராத்திரிய மறைக்குதுங்கறது, இந்த நாலுல இல்ல. சட்டம் பாத்தது நேவி யோசிச்ச வழி சரியான்னு, ஜெட் சத்தம் தாங்க முடியுதான்னு இல்ல. பறக்கறதும் நிக்கல, அறிக்கையத் திருத்து, திரும்ப எழுதுன்னுதான் போச்சு. 2024 செப்டம்பர்ல நேவி திருத்தின வரைவ வெளியிட்டுச்சு.

இது மாதிரி ஒரு முட்டுச்சந்துல இருந்து ஒரு நாடு வெளிய வந்த கதை இருக்கு. சிட்னியில 1994 நவம்பர்ல மூணாவது ரன்வே தொறந்தாங்க, அங்கயும் சராசரிக் கோடு போட்டு பாதிப்பு இவ்வளவுதான்னு சொல்லி இருந்தாங்க, தொறந்ததும் ஊரே கொதிச்சுது, புகார்ல பெரும்பகுதி கோட்டுக்கு வெளிய இருந்து. கோட்டுக்கு வெளியன்னா சத்தமே வராதுன்னு ஜனங்க எடுத்துக்கிட்டாங்க, அவங்கள எப்படிக் குத்தம் சொல்ல முடியும். செனட் விசாரணை எல்லாம் நடந்து, 2000த்துல ஆஸ்திரேலிய போக்குவரத்துத் துறையே வேற வழிக்கு வந்துச்சு. சராசரியோட கூட, ஒரு நாளைக்கு 70 டெசிபலத் தாண்டி எத்தன தடவ விமானம் போகும்னு எண்ணிச் சொல்றது, சத்தமே இல்லாத இடைவெளி எவ்வளவு கெடைக்கும்னு சொல்றது. இதப் புரிஞ்சுக்க எஞ்சினியரிங் படிச்சிருக்க வேணாம். உன் வீட்டு மேல செவ்வாய்க்கெழம ராத்திரி நாப்பது தடவன்னா யாருக்கும் புரியும்.

நேவியால இது முடியாதான்னா, அதுக்கு வேண்டியது எல்லாமே கையில இருக்கு. கூப்வில்ல அடுத்த வாரம் எந்தெந்த நாள் எந்த நேரம் பயிற்சின்னு வாரா வாரம் அவங்களே அறிவிக்கறாங்க, உள்ளூர்ப் பத்திரிகை அதப் போடுது, அதப் பாத்துட்டுத்தான் பல பேர் விருந்தாளி வர்றத தள்ளிப் போடறாங்க. அந்த அட்டவணையில ஒவ்வொரு நாளுக்கும் எத்தன தடவன்னு ஒரு எண்ணும், அன்னைக்கு மட்டும் எடுத்த டெசிபல்னு இன்னொரு எண்ணும் சேத்துப் போட்டா போதும். மாடல் சரின்னு காங்கிரஸ்கிட்டயே நிரூபிச்சவங்க, அதே மாடல ஒரு நாளுக்கு ஓட்டிக் காட்டறதுல என்ன சிக்கல்னு ஊர்க்காரன் கேட்டா அதுக்கு ரெண்டு லட்சம் பக்கத்துல பதில் தேட வேண்டியதில்ல.